ஏழு ‘பி’ சொன்னது

பயிற்சியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்த அம்மாவுக்குப் பெயர் விழுந்துவிட்டது: கன்ட்ரோல் அக்கா. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் பதினெட்டு வருடம் போன் எடுத்தவர். “எங்க இருக்கீங்க, என்ன ஆச்சு, மூச்சு இருக்கா” என்ற மூன்றே கேள்விகளில் ஒரு தெருவையும் ஓர் உயிரையும் கண்டுபிடித்துப் பழகிய குரல். மகன் கல்லூரிக்குப் போனதும் வேலையை விட்டுவிட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகராக வேண்டும் என்று படிக்க வந்திருந்தார். கூடப் படித்தவர்களுக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும்.

அவர்களைப் பழக்கியவளுக்கும் ஒரு பெயர் இருந்தது. நிறுவனத்தின் இயக்குநர் பெரிய மேடம் என்பதால் இவள் சின்ன மேடம். கன்ட்ரோல் அக்காவைவிடப் பல வயது இளையவள். இவள் அவரை அக்கா என்பாள்; அவர் இவளை விடாமல் மேடம் என்பார்.

“அக்கான்னு வாய் நிறையக் கூப்பிட்டுட்டு மார்க்குல கை வைக்கிறீங்க பாருங்க, அதுதான் மேடம் தாங்கல” என்பார் கன்ட்ரோல் அக்கா.

மார்க் குறைந்தது ஒரே ஒரு விஷயத்தில்தான். பள்ளிகளுக்கு அனுப்புமுன் பயிற்சி மாணவர்களை எதிரெதிரே உட்காரவைத்து, ஒருவர் பேசி நிறுத்தியதும் மற்றவர் எதுவும் சொல்லாமல் சும்மா இருந்து பழகவேண்டும் என்பாள் சின்ன மேடம். மற்றவர்கள் நெளிவார்கள், தரையைப் பார்ப்பார்கள், எப்படியோ தாக்குப்பிடித்துவிடுவார்கள். கன்ட்ரோல் அக்காவால் முடியவில்லை. எதிரில் இருப்பவர் மூச்சு விடுவதற்குள் அடுத்த கேள்வி வந்து நிற்கும்.

“எங்க ஆபீஸ்ல மௌனம்னா லைன் கட்டாயிடுச்சுன்னு அர்த்தம் மேடம். எனக்கு உடம்பெல்லாம் பதறுது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மடியில் வைத்திருந்த கை நிஜமாகவே நடுங்கியது. அதைச் சின்ன மேடம் பார்த்தாள்.

அவரை அனுப்பிய பள்ளி, நிறுவனத்திலிருந்து இரண்டு பேருந்து மாறிப் போகும் தூரம். இரண்டு மாதத்துக்கு முன் அங்கே ஒரு சாவு நடந்திருந்தது. ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியர் கரும்பலகைக்கு முன்னாலேயே சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

தலைமையாசிரியை நல்லவர். உயரமான, நிமிர்ந்த நடையுள்ள பெண்மணி. மறுநாளே அந்த வகுப்பை மேல்மாடிக்கு மாற்றினார். பழைய அறையின் பலகையைத் துடைக்கச் சொன்னார், நாற்காலியை அப்புறப்படுத்தினார், அறையைப் பூட்டிவிட்டார். யாரும் பிள்ளைகளிடம் அதைப்பற்றிப் பேசவேண்டாம் என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தார்.

“சின்னப் பிள்ளைங்க மேடம். மறந்துட்டாங்க” என்றார் சின்ன மேடத்திடம். “ஆனா ஏதோ ஒண்ணு சரியில்ல. புதுக் கணக்கு டீச்சர் போர்டுல எழுதினா ஒரு பிள்ளையும் நிமிர்ந்து பார்க்க மாட்டேங்குது.”

கன்ட்ரோல் அக்காவுக்குக் கிடைத்த அறை விளையாட்டுச் சாமான் போட்டுவைத்த அறை. ஒரு மூலையில் வலை சுருட்டிக் கிடக்கும். காற்றுப்போன பந்துகளின் ரப்பர் நாற்றம். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் ஒன்று ஆடும். பள்ளி மணி அந்த அறைக்கு நேர் மேலே இருந்ததால், அது அடிக்கும்போது பல்லெல்லாம் அதிரும். “பிள்ளை அழ ஆரம்பிக்கிற நேரம் பார்த்து அடிக்குது மேடம், இதுக்கு எங்க கன்ட்ரோல் ரூம் எவ்வளவோ தேவல” என்று முதல் நாள் வந்து சொன்னார்.

அந்த அறைக்கு உடற்பயிற்சி ஆசிரியர் அனுப்பிவைத்த முதல் பிள்ளை, ஏழு ‘பி’யில் படிக்கும் ஒரு பெண். பள்ளிக்காக ஓட்டப்பந்தயம் ஓடுபவள். அவளுக்குத் தந்தி என்று பெயர் வைத்தவர் இறந்துபோன கணக்கு சார்தான். தந்தி என்றால் என்னவென்று அந்த வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. சார் பாடத்தைப் பாதியில் நிறுத்தி, போன் வருவதற்கு முந்தைய காலத்தில் அவசரச் செய்தி எப்படிப் பறந்தது என்று விளக்கினாராம். அந்தத் தந்தி இப்போது ஓடுவதில்லை. பயிற்சிக்கு வருகிறாள், மைதானத்தைச் சுற்றி நடக்கிறாள், வீட்டுக்குப் போகிறாள். திட்டினால், “சரி சார்” என்கிறாள்.

ஆடாத நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார் கன்ட்ரோல் அக்கா. பள்ளியைப்பற்றி, தம்பியைப்பற்றி, பிடித்த நிறத்தைப்பற்றிக் கேட்டார். பெண் எல்லாவற்றுக்கும் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். கடைசியில், போகிற போக்கில் சொல்வதுபோல, “நான் லேட் பண்ணிட்டேன் மிஸ்” என்றாள்.

“எதுக்கு லேட்டு?”

“அன்னிக்கு. சாருக்கு.”

“ஐயோ கண்ணு, அது உன் தப்பே இல்லடா. நீ சின்னப் பொண்ணு, நீ என்ன பண்ண முடியும்?”

“சரி மிஸ்” என்றாள். பிறகு மணி அடித்தது. எழுந்து போய்விட்டாள்.

வாரக் கடைசியில் சின்ன மேடத்தின் முன் உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி ஒப்பித்தார் கன்ட்ரோல் அக்கா. போன் பேச்சைக் கேட்டுக் கேட்டு வார்த்தை பிசகாமல் சொல்லும் பழக்கம் அவருக்கு இருந்தது.

“உன் தப்பு இல்லைன்னு சொன்னீங்களே, அப்ப அவ முகம் எப்படி இருந்துச்சுக்கா?”

“சரி மிஸ்ன்னு சொன்னா.”

“முகம்?”

கன்ட்ரோல் அக்கா யோசித்தார். “கதவைச் சாத்தின மாதிரி இருந்துச்சு.”

“அவ எதையோ தூக்கிட்டு வந்திருக்கா. அது என்னன்னு பார்க்கிறதுக்குள்ள, இதெல்லாம் ஒண்ணுமில்ல, கீழ போடுன்னுட்டோம்.”

“அப்ப உன் தப்புதான்னு சொல்லச் சொல்றீங்களா?”

“ஒண்ணுமே சொல்லச் சொல்லல. கேளுங்க.”

“கேட்டுக்கிட்டே இருந்தா வண்டிய எப்ப மேடம் அனுப்புறது?”

அவர் வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது. வந்த பிறகு அவருக்கே திக்கென்றது. சின்ன மேடம் மெதுவாகச் சொன்னாள்: “இங்க அனுப்புறதுக்கு வண்டி இல்லக்கா. நீங்கதான் இருக்கீங்க.”

அதன்பிறகு அந்தப் பெண் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. தன் கைபட்டு ஒன்று உடைந்துவிட்டது என்ற நினைப்பு கன்ட்ரோல் அக்காவை அரித்தது. இந்த வயதில் இந்த வேலைக்கு ஆசைப்பட்டிருக்கக் கூடாது, வீட்டில் சும்மா கிடந்திருக்கலாம் என்று சின்ன மேடத்திடம் போனில் புலம்பினார். “அடுத்த வாரமும் அந்த ரூம்ல போய் உட்காருங்க. அது மட்டும் போதும்” என்றாள் சின்ன மேடம். சொன்னாளே ஒழிய, அவளுக்கும் நம்பிக்கை ஒன்றும் பெரிதாக இல்லை. இத்தனை வருடத்தில் இப்படிப் போய்த் திரும்பாத பிள்ளைகளை அவள் நிறையப் பார்த்திருந்தாள்.

பெண் திரும்பி வந்தது ஆலோசனைக்காக அல்ல. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ஸ்கிப்பிங் கயிறு எடுத்துக்கொடுக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கயிற்றை எடுத்தாள். வாசல்வரை போனாள். பிறகு ஏனோ திரும்பி வந்து, ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்தாள். கயிறு அவிழ்ந்து சுருண்டு அவிழ்ந்தது. வெளியே யாரோ யாரையோ துரத்தினார்கள். உடம்பெல்லாம் பதற, கன்ட்ரோல் அக்கா சும்மா இருந்தார்.

“நான் மொதல்ல ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்குத்தான் ஓடினேன். பூட்டியிருந்துச்சு.”

“பூட்டியிருந்துச்சு” என்றார் கன்ட்ரோல் அக்கா.

“ரெண்டு கையாலயும் இழுத்துப் பார்த்தேன். அப்புறம்தான் ஆபீஸ் ரூமுக்குப் போனேன். மொதல்லயே ஆபீசுக்குப் போயிருக்கலாம். அது இந்தப் பக்கம். நான் அந்தப் பக்கம் ஓடிட்டேன்.” உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள், அதில் இன்னும் ஏதோ அடையாளம் இருப்பதுபோல. கன்ட்ரோல் அக்கா அந்தக் கைகளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பெண் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனாள். அடுத்த வாரம் அவளாகவே வந்தாள்.

இதையும் கன்ட்ரோல் அக்கா வார்த்தை பிசகாமல் ஒப்பித்தார். பிறகு சின்ன மேடம், “அவளா வெளியில சொல்றவரைக்கும் இது நம்மகிட்டதான்” என்றாள்.

“எத்தனை வீட்டு ரகசியத்தைக் கேட்டிருக்கேன் மேடம். இந்த வாய்ல இருந்து ஒண்ணும் வெளிய போனதில்ல.”

இதற்கிடையில் ஏழு ‘பி’ மோசமாகிக்கொண்டே வந்தது. கணக்குப் பாட வேளை வந்தால் நாலைந்து பேருக்கு வயிறு வலித்தது. ஒல்லியான ஒரு பையன் தொட்டதற்கெல்லாம் கை நீட்டினான்; ஒருவன் மூக்கை உடைத்துவிட்டான். வகுப்போடு ஒரு மணி நேரம் உட்கார அனுமதி கேட்டாள் சின்ன மேடம். தலைமையாசிரியைக்கு விருப்பமில்லை. “ஆறிட்டிருக்கிற புண்ணைக் கிளறணுமா?” என்றார்.

அந்தக் கேள்வி நியாயமானது என்று சின்ன மேடத்துக்குத் தெரியும். கண்ணால் பார்த்த சாவைச் சொல்லு சொல்லு என்று ஒரு பிள்ளையைத் துருவக்கூடாது, அது இன்னும் ஆழமாகக் காயப்படுத்தும் என்பது அவளே வருடாவருடம் போதிக்கிற பாடம். அதனால் ஜாக்கிரதையாகத்தான் திட்டம் போட்டாள். அன்று நடந்ததைப்பற்றிக் கேட்கப்போவதில்லை. தூக்கம் எப்படி, பயம் வந்தால் என்ன செய்கிறீர்கள், யாரிடம் போகிறீர்கள், அவ்வளவுதான் பேச்சு. பெற்றோருக்குச் சொல்லியாகிவிட்டது. யாரும் பேசியே ஆகவேண்டியதில்லை. கதவு திறந்திருக்கும், எழுந்து போக நினைப்பவர்களோடு இருக்க இன்னொரு பயிற்சி மாணவி தாழ்வாரத்தில் நிற்பாள். நடத்துவது கன்ட்ரோல் அக்கா. கைமீறிப் போனால் நிறுத்துவதற்குப் பின்னால் சின்ன மேடம்.

பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கன்ட்ரோல் அக்காவும் முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்தார். உட்காரும்போது முட்டி படக்கென்று சத்தம் போட, நாலு பிள்ளைகள் சிரித்தன. அது நல்லதாகப் போயிற்று. தூக்கத்தைப்பற்றிப் பேசினார்கள். ஒருத்தி அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு படுப்பதாகச் சொன்னாள். “நான் தூங்கிட்டேதான் இருக்கேன் மிஸ்” என்றான் தூக்கம் என்றே பெயரெடுத்த குண்டுப் பையன். எல்லோரும் ஆமாம் என்றார்கள். எல்லாம் திட்டப்படி நடந்தது.

அப்போது கைநீட்டும் அந்த ஒல்லிப் பையன், யாரும் கேட்காமலே, தரையைப் பார்த்தபடி சொன்னான்.

“சார் ஃபேனைக் கூட்டி வைக்கச் சொன்னாரு. நான்தான் எழுந்துபோய் வச்சேன். மூணுல வச்சேன். அஞ்சுல வச்சிருக்கணும்.”

சின்ன மேடம் பாதி எழுந்துவிட்டாள். இதுதான் வரக்கூடாது என்று நினைத்தது. இதோ வந்துவிட்டது, இப்போது பேச்சைத் திருப்பிவிட வேண்டும். அவள் வாயெடுக்கப்போன நேரத்தில் கன்ட்ரோல் அக்காவின் கையைப் பார்த்தாள். அவர் திரும்பவில்லை. முட்டிக்குப் பக்கத்தில், பிள்ளைகள் கண்ணில் படாதபடி, உள்ளங்கையைக் கொஞ்சமாகத் தாழ்த்திக் காட்டினார். கொஞ்சம் பொறுங்க.

வண்டி எப்போது அனுப்புவது என்று கேட்ட அதே அம்மா.

சின்ன மேடம் தன் வேலையைச் செய்தாள்: ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எந்தக் கண்ணும் எங்கோ வெறித்துக்கொண்டிருக்கவில்லை, யாரும் கல்லாகிப் போகவில்லை. எல்லாப் பிள்ளைகளும் அந்த ஒல்லிப் பையனைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் மெதுவாக உட்கார்ந்தாள்.

“டேய், அந்த ஃபேன் மூணுக்கு மேல ஓடாதுடா” என்றாள் எதிரில் இருந்த ஒருத்தி.

பையன் நிமிர்ந்தான்.

“ஆமாடா. அஞ்சுல வச்சாலும் மூணுலதான் ஓடும். போன வருஷத்துல இருந்தே அப்படித்தான்” என்றான் இன்னொருவன்.

“நெஜமாவா?”

“கீழ போய்ப் பாரு வேணும்னா.”

பையனின் முகம் கோணியது. சிரிக்கப்போகிறானா அழப்போகிறானா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தது. பக்கத்தில் இருந்தவன் அவன் முதுகில் ஓர் அடி வைத்தான், அன்பாகத்தான். உன் தப்பில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை என்பதைச் சின்ன மேடம் கவனித்தாள். அவர்களுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். அந்த மின்விசிறியைப்பற்றி உலகத்தில் வேறு யாருக்குத் தெரியும்?

அதன்பிறகு யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

“நான் சிரிச்சேன்” என்றாள் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண். “சார் விளையாடுறாருன்னு நினைச்சேன். அவர் கீழ விழுந்தப்ப சிரிச்சேன்.”

“நானும்தான் சிரிச்சேன்.”

“நானும்.”

“அதுக்கு முந்தின வாரம் அப்படித்தானே விழுற மாதிரி நடிச்சாரு, நம்ம எல்லாரும் தப்பா விடை சொன்னோம்னு. அதான் சிரிச்சோம்.” இதைச் சொன்னவனுக்கே அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது போலிருந்தது. எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது. கணக்கு சார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேஜைமேல் சாய்ந்து நடித்ததை ஒருவன் நடித்தே காட்டினான். மாதக்கணக்கில் யாரும் பெயரைக்கூடச் சொல்லாத மனிதர் அந்த வட்டத்துக்கு நடுவில் வந்து நின்றதுபோல இருந்தது.

“நான் பெஞ்சுக்குக் கீழ போயிட்டேன்” என்றான் வகுப்புத் தலைவன். சொல்லும்போது காது சிவந்தது. “எல்லாரும் போறவரைக்கும் வெளிய வரல.”

“தெரியும். என் காலைப் பிடிச்சுக்கிட்டிருந்தியே” என்றாள் ஒருத்தி. “நீ பிடிச்சுக்கிட்டிருந்ததாலதான் நான் விழல.”

சின்ன மேடத்துக்கு அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு பிள்ளையும் ஆளுக்கொரு குற்றத்தை, தன்னுடையது மட்டும்தான் என்று நினைத்து, வயிற்றுக்குள் போட்டுப் பூட்டிவைத்திருந்திருக்கிறது. திறந்து காட்டியதும் பக்கத்துப் பிள்ளையிடம் அதற்கான சாவி இருக்கிறது. அவள் படித்த புத்தகத்தில் இது இல்லை. இருந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள்.

தந்தி ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். இதுவரை வாயே திறக்கவில்லை. கன்ட்ரோல் அக்கா ஒருமுறைகூட அவள் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று எத்தனை பாடுபட்டார் என்பது அவர் கழுத்து நரம்பில் தெரிந்தது.

“நான் தப்பான ரூமுக்கு ஓடினேன்” என்றாள் பெண். “ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்கு. அது பூட்டியிருந்துச்சு. அதுக்கப்புறம்தான் ஆபீசுக்குப் போனேன். அதனாலதான் லேட்டு.”

இந்த முறை மௌனம் நீண்டது. மாடிப்படியில் யாரோ வாளி தூக்கிப்போகும் சத்தம். கன்ட்ரோல் அக்காவின் உதடு ஒட்டிக்கிடந்தது. பேசவில்லை.

தூக்கம்தான் முதலில் பேசினான். “நீ கதவைத் தாண்டுறப்போ சார் இன்னும் விழவே இல்ல.”

“விழுந்தாரு.”

“இல்ல. நான் ஜன்னலோரம். எனக்கு ரெண்டும் தெரிஞ்சது. அவர் மேஜையைப் பிடிச்சாரு, நீ எழுந்துட்ட. அவர் விழுறப்போ நீ வெளிய போயிட்ட. எல்லாரும் சிரிச்சிட்டிருந்தோம். நீ ஒருத்திதான் ஓடின.”

பெண் அவனையே பார்த்தாள். அவன் பொய் சொல்லத் தெரியாதவன். அது வகுப்புக்கே தெரிந்த விஷயம், அதற்காக எத்தனையோ முறை எல்லோரையும் மாட்டிவிட்டிருக்கிறான்.

“அந்த ரூமைப் பூட்டி வைக்கச் சொன்னது நான்.”

குரல் வாசலிலிருந்து வந்தது. தலைமையாசிரியை எவ்வளவு நேரமாகத் தாழ்வாரத்தில் நின்றிருந்தாரோ தெரியாது. உள்ளே வந்தார். வட்டத்தில் இடம் விட்டார்கள். அந்த உயரமான பெண்மணி புடவையை ஒதுக்கிக்கொண்டு பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தார்.

“பஞ்சு, பிளாஸ்திரி எல்லாம் காணாமப் போகுதுன்னு பூட்டச் சொன்னேன். சாவி என் மேஜையில இருந்துச்சு. நீ போன ரூம் சரியான ரூம்தாம்மா. திறந்திருக்கணும்.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு பெரிய மனுஷி இப்படித் தங்கள் முன்னால் வந்து உட்கார்ந்து சொல்வார் என்று அந்தப் பிள்ளைகள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். சின்ன மேடமும் எதிர்பார்க்கவில்லை. இப்போது என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருப்பது அந்த நேரத்தில் பயமாகவும் இல்லை.

தந்தி நகர்ந்து வந்தாள். “நீங்களும் ஓடி வந்தீங்க மிஸ். நான் வந்து சொன்னதும் என்னைத் தாண்டி ஓடினீங்க. என்னாலயே உங்களைப் பிடிக்க முடியல.”

“உங்க செருப்பு ஒண்ணு வாசப்படியில கிடந்துச்சு மிஸ்” என்றான் தூக்கம். “நான்தான் எடுத்து ஓரமா வச்சேன். யாரும் தடுக்கி விழக்கூடாதுன்னு.”

தலைமையாசிரியை அழுதார். சத்தம் போடாமல், தோள் குலுங்க. இரட்டைப் பின்னல் தன் கைக்குட்டையை நீட்டினாள். அது அழுக்காக இருந்தது என்று உடனே இழுத்து, மடித்து, சுத்தமான பக்கம் தெரியும்படி மறுபடி நீட்டினாள்.

மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார் கன்ட்ரோல் அக்கா. பாட்டில் மூடியைச் சின்ன மேடம்தான் திறந்துகொடுத்தாள்.

“நான் ஒண்ணுமே பண்ணல மேடம்.”

“கையைக் காட்டினீங்களே.”

“அது… பயத்துல காட்டினது. உங்களைப் பேச விட்டா போயிடும்னு தோணுச்சு. தப்பா இருந்தா மார்க்குல கை வச்சுக்கோங்க.”

“நானா இருந்தா நிறுத்தியிருப்பேன்க்கா” என்றாள் சின்ன மேடம். “நிறுத்தினது சரின்னு நாளைக்கு கிளாஸ்ல விளக்கமும் சொல்லியிருப்பேன்.”

அன்று இரவு சின்ன மேடம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது கணவன், “என்ன இன்னிக்கு ஒரு மாதிரி இருக்க?” என்றான். இந்தத் தொழிலில் கேட்டதை வீட்டில் சொல்ல முடியாது. “ஒரு ஏழாங்கிளாஸ்ல உட்கார்ந்திருந்தேன்” என்று மட்டும் சொன்னாள். அவன் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, குழம்புக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினான்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒல்லிப் பையனுக்குக் கெட்ட கனவு நிற்கவில்லை. அவன் அப்பாவிடம் பேசி, ஆஸ்பத்திரியில் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள், மெல்லத் தேறினான். தந்தி அந்த வருடம் பள்ளி அணியில் ஓடவில்லை. ஆனால் சாப்பாட்டு மணி அடித்ததும் வரிசையில் முதல் ஆளாக நிற்பதாகப் புகார் வந்தது. அந்தப் புகாரைக் கேட்டுக் கன்ட்ரோல் அக்கா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார். முதலுதவி அறை பூட்டப்படவில்லை. கீழே பழைய வகுப்பறையைத் திறந்து பிள்ளைகளை மறுபடி அங்கே உட்காரவைத்தார் தலைமையாசிரியை, அவர்களைக் கேட்டுக்கொண்டு. கன்ட்ரோல் அக்கா தேர்ச்சி பெற்றார். பக்கத்து ஊரில் இரண்டு பள்ளிகளுக்குச் சேர்த்து ஆலோசகராக வேலை கிடைத்தது.

அவர் விடைபெற்றுப் போன வாரம், அடுத்த ஆண்டுக்கான ஏற்பாட்டைப் பேசச் சின்ன மேடம் பள்ளிக்குப் போயிருந்தாள். திரும்பும்போது தாழ்வாரத்தில் தந்தி எதிரே வந்தாள்.

“அந்த மிஸ் இனிமே வர மாட்டாங்களா?”

“வர மாட்டாங்கம்மா. வேற ஒருத்தங்க வருவாங்க. அவங்களும் இப்பதான் படிச்சிட்டிருக்காங்க.”

“அவங்களுக்கும் நாங்க எல்லாத்தையும் சொல்லணுமா?”

“சொல்லணும்னு தோணினா சொல்லலாம். இல்லன்னா வேண்டாம்.”

பெண் யோசித்தாள். தோளில் தொங்கிய பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள்.

“சொல்லுவோம் மிஸ். ஆனா புதுசா வர்றவங்க பயந்துடுவாங்க” என்றாள். “அதனால மெதுவா சொல்றோம்.”

பெண்ணுக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது. “வரேன் மிஸ்” என்று சொல்லிப் படியேறிப் போனாள். சின்ன மேடம் அந்தத் தாழ்வாரத்தில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் காலடிச் சத்தம் அடங்கும்வரை நின்றாள்.